ஒன்றாம் எண் கொக்கு

“இந்தக் கொக்கு எனக்குப் பிடிக்கலை” என்றார் மேடம்.

உதவியாளன் பல்லி அவர் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி மானிட்டரைப் பார்த்தான். ஏரி மதகின் சிமென்ட் சுவர். அதில் கோணல்மாணலாக ஒரு விரிசல். விரிசலுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஸ்கேல். படத்தின் ஓரத்தில், தண்ணீரில் பாதி முங்கிய பாறைமேல் ஒரு வெள்ளைக் கொக்கு.

“அதுக்கும் உங்களைப் பிடிச்சிருக்காது மேடம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க. போட்டிக்கு ஆள் வந்திடுச்சுன்னு நினைச்சிருக்கும்.”

மேடத்துக்கு இடது முழங்காலில் தகராறு. நின்றால் வலது காலில்தான் நிற்பார். வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு ஒரு முறைப்பாவது கிடைக்கும். இன்றைக்கு அதுவும் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் பல்லிக்கே உறைத்தது. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இன்ஜினியரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். எந்த நேரமும் மணி அடிக்கும் என்பதுபோல் செல்போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

அவள் கணவன் நேற்றுக் காலை பைக்கில் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. கட்டடங்களிலும் மதகுகளிலும் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து, சான்றிதழ் கொடுக்கிற சின்னக் கம்பெனி. அவனும் அவளுடைய அண்ணனும் கூட்டாக நடத்துவது. சாயங்காலம் பைக்கும் ஹெல்மெட்டும் கேமராப் பையும் ஏரிக்கரையில் கிடைத்தன. ஆளைக் காணோம். கேமராவில் இருந்த கடைசிப் படம் மதகு விளிம்பில் எடுத்தது. கால் வழுக்கி உள்ளே போயிருப்பார் என்று போலீஸ் முடிவுகட்டிவிட்டது. காலையிலிருந்து படகு போட்டுத் தேடுகிறார்கள். அண்ணன் கரையிலேயே நிற்கிறார். தங்கை மட்டும் மேடத்தின் துப்பறியும் அலுவலகப் படியேறி, “அவர் தண்ணின்னா பத்தடி தள்ளி நிக்கிற ஆளுங்க. விளிம்புல போய் நிக்கவே மாட்டாரு” என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதனால்தான் இவர்கள் இங்கே, அந்தக் கம்பெனியின் ஆபீசில்.

“கடைசிப் படத்தைப் போடும்மா.”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஆபீஸ் பெண் மவுஸை நகர்த்தினாள். நூற்று நாற்பதாம் எண். அதே மதகு, அதே விரிசல், அதே பாறை, அதே கொக்கு. இதில் கொக்கின் அலகில் குறுக்காக ஒரு மீன் மின்னியது.

“இப்ப மறுபடி ஒண்ணாம் நம்பர்.”

ஒன்றாம் எண்ணில் அலகு காலி. ஆனால் கழுத்தின் நடுவில், பந்தை விழுங்கினதுபோல் ஒரு புடைப்பு.

“ஒண்ணுல மீன் தொண்டையில இருக்கு. நூத்தி நாப்பதுல வாயில இருக்கு” என்றார் மேடம். “பல்லி, நீ சாப்பிட்டா எது முதல்ல?”

“எனக்கு ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும் மேடம். கொக்கு கொஞ்சம் நாகரிகமானது. முதல்ல வாய், அப்புறம்தான் தொண்டை.”

ஆபீஸ் பெண் தயங்கினாள். “இல்லீங்க மேடம், சார் முதல்ல ஏரிக்குப் போய், அப்புறம் கட்டிக்கிட்டிருக்கிற அடுக்குமாடிக்குப் போய், மறுபடி ஏரிக்கு வந்தாருன்னுதானே சொல்றாங்க. படமும் அப்படித்தான் இருக்கு. முதல்ல கொஞ்சம் ஏரி, நடுவுல பில்டிங், கடைசியில ஏரி. அது வேற மீனா இருக்கலாம்ல?”

“மீன் வேறயா இருக்கலாம். ஸ்கேல்?” மேடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மஞ்சள் ஸ்கேல் இரண்டிலும் ஒரே கோணத்தில், ஒரே கீறலைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதன் நிழலும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. “போயிட்டு வர்ற வரைக்கும் சூரியனுமா நகராம காத்துக்கிட்டிருந்துச்சு? இது ரெண்டும் அடுத்தடுத்து எடுத்த படம். முதல்ல நூத்தி நாப்பது. அதுக்கு அடுத்தது ஒண்ணு.”

நாற்காலியில் இருந்தவள் நிமிர்ந்தாள்.

“இந்த நம்பரெல்லாம் யார் போட்டது?”

“யாரும் போடலைங்க. அதுவா போட்டுக்கும்.” ஆபீஸ் பெண் திரையின் மூலையைக் காட்டினாள். “சார் எழுதி வெச்ச பேட்ச் ஃபைல். ஒவ்வொரு படமா பேர் மாத்தி எனக்குக் கையே வலிக்குதுன்னு புலம்பினேன். அதுக்காகவே எழுதிக் கொடுத்தாரு. கார்டைச் சொருகி ரெண்டு தட்டு தட்டினா கறுப்பா ஒரு ஜன்னல் வரும். படத்தையெல்லாம் சின்னதாக்கி, வேலையோட பேரும் நம்பரும் போட்டு, இந்த ஃபோல்டர்ல அடுக்கி, கார்டைத் துடைச்சு வெச்சிடும். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“படம் எடுத்த நேரம்?”

“சின்னதாக்குறப்போ அது போயிடும் மேடம். எங்களுக்கு நம்பர் போதும். போலீசுக்கும் இதைத்தான் கொடுத்தோம்.”

மேடம் மேஜைமேல் இருந்த கேமராவை எடுத்தார். பழைய கேமரா. பக்கவாட்டில் தோல் உரிந்திருந்தது. படங்கள் கிடைத்துவிட்டதால் போலீஸ் இதைச் சீண்டவில்லை. பல்லியின் மூக்குக்கு நேராக நீட்டி ஒரு அழுத்து அழுத்தினார்.

“சொல்லிட்டு எடுக்கக்கூடாதா? தலை சீவியிருப்பேன்ல.”

“உன் மூஞ்சி வேண்டாம். உன் நம்பர்தான் வேணும்.” பின்பக்கத் திரையில், பல்லியின் திறந்த வாய்க்குக் கீழே, கேமரா தானாக வைத்த பெயர் தெரிந்தது. கடைசி நான்கு இலக்கம் 0074. “கார்டைத் துடைச்சாலும் கேமரா தன் கணக்கை மறக்காது. எப்பவும் விட்ட இடத்துல இருந்துதான் எண்ணும். இவ்வளவு பழைய கேமரா இதுவரைக்கும் எழுபத்து நாலு படம்தான் எடுத்துச்சாம். நீ நம்புறியா?”

பல்லி ஏழெட்டு வருஷம் டாக்சி ஓட்டியவன். அவனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. “மீட்டர் சுத்திடுச்சு! எல்லாம் ஒன்பதா வந்து நின்னு, அடுத்தது திரும்ப ஒண்ணு. என் முதல் வண்டியே அப்படித்தான் மேடம். புது வண்டி மாதிரின்னு சொல்லி என் தலையில கட்டினான்.”

“அதேதான். நேத்து ஏரிக்கரையில நிக்கிறப்போ ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓடிக்கிட்டிருந்திருக்கு. மீன் வாயில இருக்கிறப்போ 9999. தொண்டைக்குப் போறப்போ 0001. பேரைப் பார்த்து அடுக்கினா, பின்னால எடுத்த சின்ன நம்பரெல்லாம் முன்னால வந்துடும். முன்னால எடுத்த ஒன்பதாயிரமெல்லாம் பின்னால போயிடும்.” மேடம் கேமராவைக் கீழே வைத்தார். “பல்லி மூஞ்சி எழுபத்து நாலு. அப்போ நேத்து எடுத்ததுல கடைசிப் படம் எது?”

ஆபீஸ் பெண் எழுபத்து மூன்றாம் எண்ணைத் திறந்தாள்.

ஏரி இல்லை. இருட்டு. ஈரமான சிமென்ட் சுவர், கம்பி வெளியே தெரிகிற அளவுக்குப் பிளந்த ஒரு விரிசல். அதற்கு முந்தைய படத்தில் தரையோடு தரையாக ஒரு சதுர வாய், உள்ளே இறங்கும் ஏணி. அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி.

“அப்படின்னா அவர் ஏரியில இல்லை” என்றாள் மனைவி. மெதுவாக எழுந்தாள். “ஏரியில இல்லைல்ல மேடம்? சொல்லுங்க, இல்லைல்ல?”

“ஏரிக்குப் போனார். அங்கிருந்து கிளம்பிட்டார். அங்க தேடுறது வீண்.”

அவள் ஒரு விம்மலோடு வெளி வராந்தாவுக்கு ஓடினாள். மேடம் அதைக் கவனிக்கவில்லை. “அந்த பேட்ச் ஃபைலைத் திறம்மா. ஓட விடாதே. எழுதினது தெரியணும், அவ்வளவுதான்.”

நோட்பேடில் பத்துப் பன்னிரண்டு வரிகள் விரிந்தன. சிலவற்றின் முன்னால் ‘rem’ என்று இருந்தது. கம்ப்யூட்டர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும், மனிதர்கள் படிக்க மட்டும்தான் அவை என்று ஆபீஸ் பெண் விளக்கினாள். இன்ஜினியர் அதிலும் ஆங்கில எழுத்தில் தமிழ்தான் எழுதியிருந்தான். பல்லி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“‘தேதி வாரியா அடுக்கு. பேர் வாரியா அடுக்கினா என்னிக்காவது 9999 தாண்டும், அன்னிக்கு மானம் போகும்.’ மனுஷன் முன்னாடியே யோசிச்சிருக்காரு மேடம். அப்புறம் ஏன் போச்சு?”

“அடுத்த வரியைப் படி.”

“dir, கோடு, b, கோடு, o, n.”

“o-ன்னா அடுக்கு. தேதிக்கு d. பேருக்கு n. மேல தேதின்னு எழுதிட்டு, கீழ பேருன்னு யாராவது எழுதுவாங்களா?” மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரே ஒரு எழுத்து. அவ்வளவுதான் மாத்தியிருக்கான். ஃபைலைக் கடைசியாச் சேமிச்சது எப்போன்னு பாரு.”

நேற்று மாலை. காணாமல்போனவன் தொட்டிருக்க முடியாத நேரம்.

“ஏன் மேடம் இவ்வளவு சுத்தணும்? பில்டிங் படத்தையெல்லாம் அழிச்சிட்டா வேலை முடிஞ்சுதே.”

“அங்க காவலாளி இருக்கான். இவர் வந்து படம் எடுத்ததைப் பார்த்திருப்பான். படமே இல்லைன்னா முதல் சந்தேகம் அங்கதான் விழும். படம் இருந்து, அதுக்கப்புறம் ஏரியும் இருந்தா, அங்க வேலையை முடிச்சிட்டுக் கிளம்பிட்டாருன்னு ஆயிடும்.” மேடம் ஆபீஸ் பெண்ணின் பக்கம் திரும்பினார். “நேத்து சாயங்காலம் இந்த நாற்காலியில உன்னைத் தவிர யார் உட்கார்ந்தாங்க?”

அவளுடைய முகம் வெளுத்தது. வராந்தாவை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“பார்ட்னர் சார். கேமராப் பையை அவர்தான் கொண்டுவந்தாரு. குடிக்கத் தண்ணி கேட்டாரு. கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தா இங்க உட்கார்ந்திருந்தாரு. எழுந்து, ‘நீயே ஓட விடும்மா’ன்னாரு.” வராந்தாப் பக்கம் கண்ணைக் காட்டினாள். “இவங்களோட அண்ணன்.”

வராந்தாவிலிருந்து இன்ஜினியரின் மனைவி உள்ளே வந்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அண்ணாகிட்ட சொல்லிட்டேன் மேடம். ஏரியில தேடாதீங்க, பில்டிங் தொட்டியில பாருங்கன்னு சொல்லிட்டேன். ஏரியில இருந்து அவருக்குத்தான் கிட்ட. உடனே கிளம்பிட்டாரு. நாம போறதுக்குள்ள அண்ணா போய்ச் சேர்ந்துடுவாரு.”

பல்லி கார்ச் சாவியை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

*

காரில் மேடம் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பெண் பின்னால். பல்லி ஓட்டினான், ஹாரன் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. மேடம் ஏறியதுமே போலீசுக்குப் பேசிவிட்டார். கட்டடத்தின் பெயரைச் சொல்லி, ஆம்புலன்சும் வேண்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு எழுபத்து மூன்றாம் படத்தைத் தன் போனில் பெரிதாக்கிப் பல்லியின் முன்னால் நீட்டினார்.

“ரோட்டைப் பாரு. நடுவுல இதையும் ஒரு கண்ணால பாரு.”

“எனக்கு இருக்கிறதே ரெண்டு கண்ணு மேடம்.”

“இடது கையில ஸ்கேலைப் பிடிச்சிருக்கார். விரல் தெரியுது. வலது கையில கேமரா. வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து, சாய்ஞ்சு விழுது. டார்ச் யார் கையில?”

பல்லிக்குப் புரிந்தது. மூன்றாவது கை. கூடவே இறங்கியிருக்கிறான். பழக்கமான ஆள். ‘கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க மச்சான்’ என்று கேட்டால் காட்டக்கூடிய ஆள்.

ஒரு வளைவில் லாரி குறுக்கே வந்தது. பல்லி அதை உரசிக்கொண்டு நுழைந்தான். கடைத்தெருவில் தள்ளுவண்டிகள். ஒரு பள்ளி வேன் நடுரோட்டில் நின்று ஆற அமரக் குழந்தைகளை இறக்கியது. “இறங்குங்க செல்லங்களா, இறங்குங்க” என்று பல்லைக் கடித்தான் பல்லி.

“மேடம்” என்றது பின்சீட்டிலிருந்து குரல். “அந்த எழுத்தை மாத்தினது யாருன்னு தெரிஞ்சுதா?”

“முதல்ல உங்க வீட்டுக்காரரைப் பார்ப்போம்மா.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருப்பீங்க.”

பல்லி கண்ணாடியில் பார்த்தான். அவள் போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். ரொம்ப நேரம் அடித்திருக்க வேண்டும். இறக்கி மடியில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். அண்ணன் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் அழுத்தவில்லை. வெறுமனே அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அணைவதைப் பல்லி பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

*

பூச்சு வேலை முடியாத கட்டடம். ஜன்னல் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை. வாசலில் அண்ணனின் கார், கதவைக்கூடச் சாத்தாமல் நின்றது. காவலாளி ஓடிவந்தார்.

“இப்பத்தான் ஒரு சார் கடப்பாரையைக் கேட்டு வாங்கிக்கிட்டு ஓடினாரு. என்னங்க விஷயம்? நேத்து வந்த இன்ஜினியர்தான் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே, நானே பார்த்தேனே.”

“ஹெல்மெட்டைத்தான் பார்த்திருக்கீங்க” என்று சொல்லிக்கொண்டே மேடம் நொண்டி நொண்டி ஓடினார். பல்லி அவரைத் தாண்டி ஓடினான். கடப்பாரை என்ற சொல் அவன் காதில் குடைந்தது.

கீழ்த்தளத்தின் பின்மூலையில், மணல் குவியலுக்கு அந்தப் பக்கம், இரும்பு மூடி புரண்டு கிடந்தது. கடப்பாரை அதன்மேல். தொட்டியின் சதுர வாய்க்குப் பக்கத்தில் அண்ணன் மண்டியிட்டிருந்தார். கையில் டார்ச். உள்ளே அடித்துக்கொண்டிருந்தார். ஏணி அவருக்குப் பின்னால் சுவரில் சாய்த்தபடியே இருந்தது. அதை அவர் எடுத்துப் போடவில்லை.

உள்ளேயிருந்து ஒரு சத்தம். கல்லால் சுவரைத் தட்டுவதுபோல. டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக்.

“உயிரோட இருக்கான்” என்றார் அண்ணன். திரும்பிப் பார்க்காமலேயே. “என்னைப் பார்க்கிறான். இறங்கணும்னு நினைக்கிறேன், கால் வரமாட்டேங்குது.”

பல்லி அவரைத் தள்ளிவிட்டு ஏணியைத் தூக்கிப் போட்டு இறங்கினான். முழங்கால் வரை தண்ணீர். மூலையில் திட்டாக இருந்த இடத்தில் இன்ஜினியர் சாய்ந்துகிடந்தான். தலையில் ரத்தம் காய்ந்து முடியோடு ஒட்டியிருந்தது. ஒரு கால் இயல்பில்லாத பக்கம் திரும்பியிருந்தது. கையில் செங்கல் துண்டு. பல்லி தொட்டதும் அதை நழுவவிட்டான்.

“பிடிச்சுக்கோங்க சார். நான் ரொம்ப வழுக்குவேன், நல்லாப் பிடிச்சுக்கோங்க” என்றான் பல்லி.

காவலாளி கயிறு இறக்கினார். மேடமும் அவரும் மேலேயிருந்து இழுக்க, பல்லி கீழேயிருந்து தாங்க, ஒருவழியாக அவனை வெளியே கொண்டுவந்தார்கள். மனைவி அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவன் அவளுடைய கன்னத்தைத் தேடித் தொட்டான். ஆம்புலன்ஸ் சத்தம் எங்கேயோ தொலைவில் கேட்டது.

அண்ணன் பேச ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. அவராகவே பேசினார்.

“பார்க்காமலேயே நல்லா இருக்குன்னு இந்தத் தொட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். நேத்து காவலாளி பார்க்காம பின்பக்கமா வந்து இவன்கூட இறங்கினேன். இவன் விரிசலைக் கண்டுபிடிச்சிட்டான். மறைக்க மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னான். கேமராவைப் பிடுங்கினேன், அவ்வளவுதான். பின்னால சாய்ஞ்சான். தலை கம்பியில அடிச்சுது. அசையவே இல்லை. செத்துட்டான்னு நினைச்சேன். பயத்துல என்ன செய்யறேன்னே தெரியாம… சத்தியமா செத்துட்டான்னுதான்மா நினைச்சேன்.”

தங்கை தலையைத் தூக்கினாள்.

“நேத்து ராத்திரி எங்க வீட்டுக்கு வந்தே” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “நான் சாப்பிட மாட்டேன்னேன். ஊட்டிவிட்டே. கவலைப்படாதே, மாப்பிள்ளை வந்துடுவார்னு சொன்னே. செத்துட்டார்னு நினைச்சுக்கிட்டா ஊட்டினே?”

அண்ணன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

“நான் செத்துட்டேன்னு அவர் நினைக்கலை” என்றான் இன்ஜினியர்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். உதடு வெடித்துப்போயிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்தான்.

“மூடியைப் போடறப்போ நான் கூப்பிட்டேன். மச்சான்னு கூப்பிட்டேன். மூடி நின்னுச்சு. கொஞ்ச நேரம் அப்படியே பாதியில நின்னுச்சு.” மூச்சு வாங்கினான். “அப்புறம் மூடிட்டாரு.”

பல்லி மேடத்தைப் பார்த்தான். மேடம் இதை எதிர்பார்த்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றியவர் அதைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அவனைத் தூக்கிக் கிடத்தினார்கள். மனைவி கூடவே எழுந்து நடந்தாள். அண்ணன் மண்டியிட்டபடியே ஒரு கையை நீட்டினார். அவள் புடவையைத் தொடவா, எழுந்துகொள்ளவா என்று தெரியவில்லை. அவள் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போனாள். மிதிக்கக் கூடாத ஏதோ தரையில் கிடப்பதுபோல.

நீட்டிய கை அப்படியே நின்றது. வாசலில் போலீஸ் ஜீப்பின் கதவுகள் அறையப்படும் சத்தம் கேட்டது.

பல்லி போய் அந்தக் கையைப் பிடித்தான். அது குளிர்ந்து கிடந்தது. மெல்ல இழுத்து அவரை எழுப்பி நிறுத்தினான். ஜீப்பில் வந்தவர்கள் உள்ளே வரும்வரை அந்தக் கையை அவன் விடவில்லை.